முதியோர் தவறி விழுதலும் அதனைத் தடுக்கும் முறைகளும்

முதியவர் ஒருவர் கீழே விழுந்தார் என்று கேட்டால், "வயதாகிவிட்டது, கால் தவறியிருக்கும்" என்று கூறி நாம் அதனை மறந்துவிடுகிறோம். விழுந்தவரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வெளியே போகவேண்டாம் என்று வீட்டார் தடுத்துவிடுவார்களோ என்னும் அச்சமும், பிறருக்குச் சுமையாகக் கூடாது என்னும் எண்ணமும் அவருடைய வாயை அடைத்துவிடுகின்றன. ஆகவே, முதல் தடவை விழுந்த செய்தி மறைந்துபோகிறது. இடுப்பெலும்பு முறிந்த அன்றுதான் மருத்துவருக்கு விஷயம் தெரியவருகிறது. ஆனால் விழுதல் என்பது முதுமையின் விதி அன்று. அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றைக் கண்டறியலாம், பலவற்றை நீக்கவும் இயலும்.

பிரச்சினையின் அளவு

65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகிறார் எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விழுவதனால் உலகில் ஆண்டுதோறும் எல்லா வயதிலுமாக 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். இவர்களில் 80 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போதே 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கு மேல் இருந்தனர் என்பதை நோக்கும்போது, இப்பிரச்சினை எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

உடல் நிலைகொள்வது எவ்வாறு?

நாம் தடுமாறாமல் நிற்பதற்கு மூன்று உறுப்புகள் மூளைக்கு இடைவிடாது செய்தி அனுப்புகின்றன. கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது. உட்செவி தலையின் அசைவை அறிவிக்கிறது. பாதமும் மூட்டுகளும் தரையின் இயல்பை உணர்த்துகின்றன. இச்செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துத் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. முதுமையில் இவை ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் தளர்கின்றன. கண்புரை, நீரிழிவினால் மரத்துப்போன பாதம், மெலிந்த தொடைத்தசை ஆகியவை சேரும்போது, ஈரத்தரையோ நிலைப்படியோ விழுவதற்குப் போதுமானதாகிவிடுகிறது. இவ்வாறு பல காரணங்கள் கூடியே ஒருவரை வீழ்த்துகின்றன. ஆதலால், அவற்றுள் ஒன்றிரண்டை நீக்கினாலும் அபாயம் குறையும்.

கேட்க வேண்டியவையும் பார்க்க வேண்டியவையும்

களப்பணியாளர் முதியவரைக் காணும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் உண்டா? விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்ற விடை வருமாயின், எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். முதியவரை நாற்காலியில் அமரச் செய்து, எழுந்து 3 மீட்டர் தூரம் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்லவேண்டும். அவர் வழக்கமாக அணியும் செருப்பையும் ஊன்றும் கோலையும் விலக்கவேண்டியதில்லை. பணியாளர் தாங்கிப் பிடிக்கும் தொலைவில் உடன் நிற்கவேண்டும். இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆகுமானால், அவரை மருத்துவரிடம் அனுப்புவது அவசியம்.

மருத்துவர் முதலில் கவனிக்கவேண்டியது இரத்த அழுத்தம். 5 நிமிடம் படுத்திருந்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்றபின் 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் அதனை அளக்கவேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறையுமானால், எழும்போது தலைசுற்றி விழ இடமுண்டு. அடுத்தது மருந்துகள். தூக்க மாத்திரைகளும் மனநோய்க்குரிய சில மருந்துகளும் நிதானத்தைக் கெடுக்கக்கூடியவை. இரத்த அழுத்த மருந்தின் அளவு மிகுந்தாலும் மயக்கம் வரும். இவற்றைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் பொறுப்பு. நோயாளி தாமாகத் திடீரென நிறுத்துவது தீங்கு விளைவிக்கும்.

மூன்றாவது கண். 70 வயதைக் கடந்த பெண்களுக்குக் கண்புரையைக் காத்திருக்க வைக்காமல் விரைவில் அகற்றியபோது, அவர்கள் விழுந்த தடவைகள் மூன்றிலொரு பங்கு குறைந்தன என்று இங்கிலாந்தில் நடந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. "புரை முற்றட்டும்" என்று காத்திருப்பது பார்வைக்கு மட்டுமன்றி எலும்புக்கும் கேடு என்பதை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதியவர் நடக்கும் வழியைப் பணியாளர் ஒரு முறை நடந்து பார்த்தல் வேண்டும். குளியலறையிலும் அடிகுழாய் அருகிலும் பாசியைத் தேய்த்து அகற்றுதல், கழிப்பறைச் சுவரில் உறுதியான கைப்பிடி அமைத்தல், படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு இடுதல், கால் மடங்கும் விரிப்பை எடுத்துவிடுதல், தளர்ந்து தொய்ந்த கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டுதல் ஆகியவை அதிகச் செலவில்லாதவை. இரவில் சிறுநீர் கழிக்க எழுபவரின் தலைமாட்டில் விளக்கு வேண்டும்; எழுந்தவுடன் நடக்காமல், கட்டிலின் ஓரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து பின் எழுவது நல்லது. தேய்ந்த ரப்பர்ச் செருப்பும் தரையில் புரளும் ஆடையும் ஆபத்தானவை.

பயிற்சியின் பயன்

விழுந்துவிடுவோம் என்று அஞ்சி ஓரிடத்தில் முடங்கியிருப்பவரின் தசைகள் மேலும் மெலிகின்றன. அபாயம் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு ஒன்று, உடற்பயிற்சியினால் விழும் தடவைகள் ஏறக்குறைய 23 சதவிகிதம் குறைகின்றன என்று காட்டியது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், மேசையைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நடத்தல் ஆகியவற்றை வாரத்துக்கு மூன்று நாளாவது பழகவேண்டும். தொடக்கத்தில் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்கலாகாது. ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலும், காலை ஊன்ற முடியாவிட்டாலும், இடுப்பெலும்பு முறிந்திருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்து உருவாமலும், கட்டுப் போட்டு நாளைக் கடத்தாமலும், படுக்கவைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறுவை சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்க, படுக்கைப்புண்ணும் நுரையீரல் அழற்சியும் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஆசிரியரும் பணியாளரும்

மத்திய அரசு 2010ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய முதியோர் உடல்நலத் திட்டம், மாவட்ட மருத்துவமனை முதல் துணை சுகாதார நிலையம் வரை முதியோருக்கான பணிகளை வகுத்துள்ளது. எனினும், முதியவர் வாய் திறந்து சொன்னாலன்றி அப்பணி தொடங்குவதில்லை. ஆசிரியர்கள் தம் மாணவர்களிடம், வீட்டில் தாத்தாவும் பாட்டியும் நடக்கும் வழியில் உள்ள இடர்களைக் குறித்துவரச் சொல்லலாம். பணியாளர்கள் மேற்கூறிய மூன்று கேள்விகளைத் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். முதியவர் தம் காலில் நடமாடும் உரிமையைக் காத்துக்கொள்ள, உரிய காலத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி பெருந்துணை புரியும்.