கதையை எழுதி வைக்காத கதைசொல்லி

பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்கள் நால்வருக்காக வெள்ளிக்கிழமை மாலைகளில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை நடத்துகிறேன். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட மேசை விளையாட்டு இது. ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். அவர்களைச் சுற்றியுள்ள உலகமும் மற்ற பாத்திரங்களும் கேம் மாஸ்டரான என் பொறுப்பு.

முயற்சி பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். 15 அல்லது அதற்கு மேல் விழ 30 விழுக்காடு வாய்ப்புதான். எனவே, முழுக் கதையையும் நான் எழுதி வைப்பதில்லை. சிக்கலை மட்டும் தயார்செய்கிறேன்.

ஒருமுறை, பாலத்தைப் பூதம் மறித்தது. இருவர் உடனே வாளை உருவினார்கள். அதிகம் பேசாத தோழியிடம், "நீ என்ன செய்யப் போறே?" என்று கேட்டுக் காத்திருந்தேன். "பூதத்துக்குப் பசிக்குதான்னு கேக்கிறேன்," என்றாள். பகடையில் 17 விழுந்தது. ரொட்டியோடு பிரச்சினை முடிந்தது.

இப்போது வாளை உருவுமுன் எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நீங்களும் நடத்திப் பாருங்கள். விதிமுறைகளைப் போகப்போகப் படித்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்பதுதான் முதல் பாடம். வகுப்புக் குழுப்பணிக்கும் அது உதவும்.