மன்னர்களுக்கென ஓர் அவை

போடி அரண்மனையைத் தெருவில் நின்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். டெல்லியின் பழைய நாடாளுமன்றத்தையும் அப்படித்தான் படத்தில் பார்க்கிறோம். மாணவர்கள் அதன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

ஹெர்பர்ட் பேக்கர் முக்கோணமாக வரைந்தார். லுட்யன்ஸ் வட்டமே வேண்டும் என்றார். வட்டம் வென்றது. 1921இல் அடிக்கல், 1927 ஜனவரி 18இல் திறப்பு. வெளியே 144 தூண்கள். உள்ளே மைய மண்டபம், அதைச் சுற்றி மூன்று அவைகள்: சட்டசபைக்கு ஒன்று, மேலவைக்கு ஒன்று, சமஸ்தான மன்னர்களுக்கு ஒன்று.

மன்னர்களுக்குத் தனி அவை! சேரிக்கு? நம் பரங்கிமலை எம்.சி. ராஜா அந்தச் சட்டசபைக்குள் போனது தேர்தலில் வென்றல்ல, அரசு நியமனத்தில்தான்.

பிறகு அந்த மைய மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடியது. அம்பேத்கர் அமர்ந்தார். சென்னை மாகாணத்திலிருந்து தாட்சாயணி வேலாயுதன் போனார்; சபையின் ஒரே தலித் பெண். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பர் 29இல் அங்கேதான் நிறைவேறியது. இன்று அது 17ஆம் பிரிவு. விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் நம் பெண்கள், டீக்கடையில் தனிக் குவளை நீட்டினால் தட்டிக் கேட்க அதுவே ஆதாரம்.

மன்னர்களின் அவை என்ன ஆனது? 1950 ஜனவரி 28இல் உச்ச நீதிமன்றம் அங்கேதான் தொடங்கியது. 1958 வரை வழக்குகள் அங்கேயே நடந்தன.