தொட்டால் கலையும் சாட்சி

கல்வராயன் மலையில் காட்டு மிருகத்தின் காலடியைத் தேடிச் செல்கிறவன், அந்தத் தடத்தின் மேலேயே நடந்துவிட்டால் என்ன ஆகும்? தேடியது அவன் காலாலேயே அழிந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைச் சோதிக்கும் அதிகாரியின் சங்கடமும் இத்தகையதே.

யந்திரங்களும் சாட்சிக் கூண்டேறும் காலம் இது. அம்மலை அடங்கிய கள்ளக்குறிச்சி ஜில்லாவே இதைக் கண்டிருக்கிறது. 2022 ஜூலை 17-ந் தேதி, கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தையொட்டிக் கலவரம் மூண்டு பள்ளிக்கூட வாகனங்கள் தீக்கிரையாயின. கலகம் செய்தவர்களைப் போலீஸார் தேடியபோது வீடியோப் படங்கள் துப்புக் கொடுத்தன.

கம்ப்யூட்டர் அகப்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது பழைய வழக்கம். அதனால் வட்டில் எழுதியவை அப்படியே நிற்கும். ஆனால் 'ராம்' என்னும் தற்காலிக ஞாபகத்திலுள்ள சங்கேதச் சாவிகளும், நடந்துகொண்டிருக்கும் தொடர்புகளும் மறைந்துவிடும். 2013 அக்டோபர் 1-ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ நூலகமொன்றில் 'ஸில்க் ரோடு' கள்ளச் சந்தையை நடத்தியவரைப் பிடித்த அமெரிக்க அதிகாரிகள், அவருடைய மடிக் கம்ப்யூட்டரை மூடவிடாமல் திறந்தபடியே கைப்பற்றியது இதனால்தான்.

அணைக்காமலே ஆராய்ந்தாலோ, வேறொரு அபாயம். ஒரு பென் டிரைவைச் செருகினால் அதுவும் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. ஞாபகத்தைப் பிரதி எடுக்கும் புரோகிராமே அந்த ஞாபகத்தில் சிறிது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, மாறுதலே நேராமல் சோதிப்பது அசாத்தியம். மாறுதலைக் குறைப்பதும், நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதிவைப்பதுமே சாத்தியம்.

முதலில் திரையைப் படம் பிடிக்க வேண்டும். விரைவில் மறைவதை முந்தி எடுக்க வேண்டும்: முன்பு ராம், பின்பு வட்டு. தாம் கொண்டுவந்த புரோகிராமையே உபயோகித்து, பிரதியை வெளி வட்டில் சேமிக்க வேண்டும். கோப்புகளை அங்கேயே திறந்து பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். தொட்ட ஒவ்வொன்றையும் மணி, நிமிஷத்துடன் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாகப் பிரதிக்கு 'ஹாஷ்' என்னும் முத்திரை எண்ணைக் கணக்கிட வேண்டும். பின்னால் பிரதியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுக்குரிய சான்றிதழிலும் இந்த எண்ணைக் குறிக்க வேண்டும்.

இது நிபுணர்களின் விவகாரந்தானே என்று நேயர்கள் எண்ணலாகாது. கவனமின்றித் தொட்ட ஒரு விரலால் குற்றவாளி தப்பலாம்; நிரபராதி சிறை புகலாம். சுதந்திர நாட்டில் நீதி நிலைபெற, சாட்சியைத் தேடும் கையும் சுத்தமாயிருக்க வேண்டுமன்றோ?