சமாதானத்துக்குப் பிறகு நடந்த கடலூர்ப் போர்

'சிபாஹி' என்ற பார்சிச் சொல்தான் நம் வாயில் சிப்பாய் ஆனது. ஹைதர் அலி படையிலும் ஆங்கிலக் கம்பெனிப் படையிலும் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் இம்மண்ணின் முஸ்லிம்களும் இந்துக்களும்தான். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். குடும்பமும் பாளையத்தோடு அலையும்.

1781 ஜூனில் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி கூட்டை, உள்ளிருந்த ஹைதரின் சிப்பாய்கள் விரட்டினர். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார்.

1783 ஜூன் 13 அன்று கடலூரில் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர் வீரர்களும் ஒருபுறம், ஆங்கிலேயர் மறுபுறம். ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் மாண்டவர்களும் காயம்பட்டவர்களும் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஆனால் ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20 அன்றே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டிருந்தன! கப்பலில் செய்தி வந்து சேர ஜூன் கடைசி ஆனது.

பிரெஞ்சுக்காரர் விலகினர். மைசூர் சிப்பாய்க்கோ போர் ஓயவில்லை. 1784 மார்ச் 11 மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகே கைதிகளுக்கும் விடுதலை கிடைத்தது.