கால்குலேட்டரின் வேகம் எங்கே இருக்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய லேத் ஒன்று ஓடும் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். மோட்டார் ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் தொழிலாளி பெல்ட்டைக் கப்பியின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு மாற்றியதும் லேத்தின் வேகம் கூடிவிடுகிறது. மோட்டாரை அவர் தொடவே இல்லை. வேகம் கூடினால் வெட்டும் டூல் சூடேறும், முனை விரைவில் மழுங்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதே வித்தையைக் கையடக்கக் கால்குலேட்டரிலும் செய்யலாம் என்றால் நம்புவீர்களா? பொழுதுபோக்காக மின்னணுவியல் பயின்ற பலர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எப்படி என்று காண்போம்.

வரைபடம் வரையும் கருவி

ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் பொறியியல் பயிலும் மாணவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் அறிவியல் கால்குலேட்டர். அது விடையை எண்ணாகத் தருகிறது. வரைபடக் கால்குலேட்டரோ, சமன்பாட்டைக் கொடுத்தால் அதற்குரிய வளைகோட்டையே திரையில் வரைந்து காட்டும். 1985-இல் ஜப்பானின் காசியோ நிறுவனம் வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி இவ்வகையில் முதலாவது. பின்னர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.ஐ.-85 (1992), டி.ஐ.-82 (1993) ஆகியவை வந்தன.

டி.ஐ.-82-இன் திரையில் குறுக்கே 96 புள்ளிகளும் நெடுக்கே 64 புள்ளிகளும் உண்டு. ஒரு வளைகோட்டை வரைய, இடமிருந்து வலமாக ஒவ்வொரு புள்ளிக்கும் சமன்பாட்டை ஒரு முறை கணக்கிட வேண்டும். அதாவது, ஒரு படத்திற்கு ஏறத்தாழ நூறு கணக்குகள்! கோடு மெல்ல ஊர்ந்து வரும், மாணவர் காத்திருப்பார். இந்தக் காத்திருப்புதான் சிலரை ஸ்குரூ டிரைவரைக் கையிலெடுக்கத் தூண்டியது.

கருவியின் நாடித்துடிப்பு

இக்கருவிகளின் மூளை இசட்-80 என்னும் நுண்செயலி. 1976-இல் சைலாக் நிறுவனம் வெளியிட்டது. நுண்செயலி தானாக நடைபோடாது. தாளம் போட ஒருவர் வேண்டும். விநாடிக்குப் பல இலட்சம் முறை எழுந்து விழும் மின்துடிப்பே அந்தத் தாளம். மிகச் சிறிய கட்டளையை நிறைவேற்றக்கூட இசட்-80-க்கு நான்கு துடிப்புகள் தேவை. டி.ஐ.-82, டி.ஐ.-85 இரண்டிலும் துடிப்பின் வேகம் ஏறத்தாழ 6 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 இலட்சம்.

டி.ஐ.-85 போன்ற கருவிகளில் இத்துடிப்பை நிர்ணயிப்பவை ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும். மின்தேக்கி ஒரு சிறு தொட்டி போன்றது. மின்தடை அதற்கு நீர் விடும் குழாய். தொட்டி நிரம்பி வடிய ஆகும் நேரமே ஒரு துடிப்பின் நேரம். தொட்டியைச் சிறிதாக்கினால் விரைவில் நிரம்பும், துடிப்பு வேகமாகும். ஆகவே, அரிசி மணியினும் சிறிய அந்த மின்தேக்கியை எடுத்துவிட்டு, மதிப்பு குறைந்த வேறொன்றைப் பற்றவைத்தார்கள். மூளை அதேதான்; தாளம் மட்டுமே மாறியது. வளைகோடு விரைந்து வந்தது!

வேகத்திற்கு விலை உண்டு

அப்படியானால் மின்தேக்கியை மேலும் மேலும் சிறிதாக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இயலாது. 6 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நேரம் ஏறத்தாழ 167 நானோ விநாடி. 12 மெகாஹெர்ட்ஸில் அது 83 ஆகக் குறைகிறது. நினைவகச் சில்லு தன்னிடமுள்ள தகவலை எடுத்துக் கொடுக்கச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் செயலி அடுத்த அடி வைத்துவிட்டால், கிடைப்பது தவறான தகவல். கருவி உறைந்து நின்றுவிடும்.

அடுத்தது மின்கலம். துடிப்பு இருமடங்கானால், இயங்கும் செயலி உண்ணும் மின்னோட்டமும் ஏறத்தாழ இருமடங்காகும். கணக்கும் பாதி நேரத்தில் முடிந்துவிடுவதால், கணக்கு மட்டும் போடுபவருக்கு இழப்பு அதிகமில்லை. ஓயாமல் விளையாட்டுகளை ஓட்டுபவருக்கோ நான்கு மின்கலங்களும் சீக்கிரம் தீரும். வேறு தொல்லைகளும் உண்டு. துடிப்பை எண்ணி நேரம் அளக்கும் நிரல்கள் தடுமாறும்; இரு கருவிகளைக் கம்பியால் இணைத்துத் தகவல் அனுப்பும்போது சில வேளை பிழை நேரும். இதனால் பலர் பழைய மின்தேக்கியையும் விட்டுவைத்து, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஒரு சிறு சுவிட்ச் பொருத்தினார்கள். இதுவே நல்ல பொறியாளரின் வழி.

வேகம் மட்டுமன்று, நினைவகத்தையும் பெருக்கினார்கள். ஹியூலெட் பேக்கார்டின் எச்.பி.48ஜி (1993) 32 கிலோபைட் நினைவகத்துடன் வந்தது. அதன் சில்லை எடுத்துவிட்டு 128 கிலோபைட் சில்லைப் பொருத்தியவர்கள் உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்காக விலை உயர்ந்த கருவியைத் திறக்க வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் 555 என்னும் சில்லைக் கேளுங்கள். 1972 முதல் விற்பனையில் உள்ள எளிய சில்லு இது. இதன் 4, 8 ஆம் கால்களை 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையிலும், 1 ஆம் காலை எதிர்முனையிலும் இணையுங்கள். 8-க்கும் 7-க்கும் இடையே 1 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 68 கிலோ ஓம் மின்தடைகள். 6-ஐ 2-உடன் சேருங்கள். 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் நேர்முனையை 2-இலும் மறுமுனையை 1-இலும் இணையுங்கள். 3 ஆம் காலிலிருந்து 470 ஓம் மின்தடை வழியாக ஒரு எல்.இ.டி.யை எதிர்முனைக்குக் கொண்டு செல்லுங்கள். விளக்கு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை மின்னும். இப்போது மின்தேக்கியை மாற்றி 4.7 மைக்ரோ ஃபாரட் வையுங்கள். விநாடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல்! கால்குலேட்டருக்குள் நடந்ததும் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. 2024-இல் ஒருவர் டி.ஐ.-84 கருவிக்குள் கம்பியில்லாத் தொடர்புச் சில்லு ஒன்றை மறைத்து வைத்து, இணையத்தின் வழியே செயற்கை நுண்ணறிவிடம் விடை கேட்டுப் பெற்றுக் காட்டினார். திறமை வியக்கத்தக்கதே. ஆனால் அத்தகைய கருவி தேர்வுக்கூடத்துக்குள் போனால் அது ஏமாற்று. அதனால் நட்டப்படுபவர், நேர்மையாகப் படித்து வந்து பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் மாணவர். மாற்றியமைத்த கருவியின் இடம் வீட்டு மேசை.

பழுதாகி மூலையில் கிடக்கும் கால்குலேட்டர் இருந்தால், மின்கலத்தைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். எந்த உறுப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடை தெரிந்த பிறகு சால்டரிங் அயர்னைத் தொடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.