நூறு வருட வெள்ளமும் முப்பது வருடக் கடனும்: எக்ஸெலில் ஒரு வரிக் கணக்கு

சிதம்பரத்தில் வாடகைக்கு இருந்தது போதும் என்று, கடலூரில் கெடிலம் ஆற்றுப் பக்கம் மனை பார்க்கிறார் என் மாமா. வங்கிக் கடன் முப்பது வருடம். "2015-லதான் பெரிய வெள்ளம் வந்து போயிடுச்சே சார், அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்" என்றாராம் தரகர். "ஏம்ப்பா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துச் சொல்லேன்" என்றார் மாமா.

2015 வெள்ளம் அந்த ரகம்தானா என்பது வேறு கேள்வி. "நூறு வருட வெள்ளம்" என்றால், எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு என்றுதான் பொறியாளர்கள் சொல்கிறார்கள். ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்த நூறு வருடம் விடுமுறை என்று அர்த்தமில்லை. 2015-ல் வந்தது 2016-க்குத் தெரியாது!

ஒவ்வொரு வருடமும் வரும் அல்லது வராது, வாய்ப்பு மாறாது, ஒரு வருடம் அடுத்ததைப் பாதிக்காது. இப்படிப்பட்ட கணக்குக்குத்தான் பிளஸ் டூவில் ஈருறுப்புப் பரவல் என்று படித்தோம்.

எக்ஸெலைத் திறந்து (இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கும் போதும்), காலி செல் ஒன்றில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள். ^ குறிக்கு ஷிப்ட் கீயுடன் 6.

=1-0.99^30

0.26 என்று வரும். 0.99 என்பது ஒரு வருடம் தப்பிக்கும் வாய்ப்பு. முப்பது வருடமும் தொடர்ந்து தப்பிக்க அதை முப்பது முறை பெருக்குகிறோம். 1-லிருந்து கழித்தால் ஒரு முறையாவது மாட்டும் வாய்ப்பு. நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். கடன் முடிவதற்குள்!

சரியாக ஒரே ஒரு முறை வருவதற்கு:

=30*0.01*0.99^29

22 சதவீதம். அந்த ஒரு வருடம் முப்பதில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால்தான் 30-ஆல் பெருக்குகிறோம். மீதி சுமார் 4 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல்.

பக்கத்து வீட்டைச் சேர்த்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். தெருவில் தண்ணீர் வந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தேதான் வரும். ஒன்று மற்றதைப் பாதிக்காது என்ற நிபந்தனை அங்கே உடைந்துவிடும்.

அந்த 1 சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எனக் கடலூர் பார்த்தது பல ரகம். மனை பள்ளமாக இருந்து வாய்ப்பு 2 சதவீதம் என்றால், 0.99-ஐ 0.98 ஆக மாற்றுங்கள். 45 சதவீதம் என்று வரும்.