கணக்குப் பெட்டியின் சாவி யாரிடம்?

பங்குச் சந்தையில் பணம் போட்டவர்கள் ஒரு காலத்தில் தரகரின் டெலிபோனுக்குக் காத்துக்கிடந்தார்கள். பங்குப் பத்திரம் தபாலில் வந்து சேர வாரக்கணக்காகும். 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரை வழியே பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. 1996-ல் டெபாசிட்டரிச் சட்டம் வந்தது. காகிதப் பத்திரம் டீமேட் கணக்காக மாறத் தொடங்கியது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும், வியாபாரம் நடந்த மறு வேலை நாளே கணக்குத் தீர்க்கும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது ஏ.ஐ. ஏஜென்ட். சொன்ன வேலையைத் தானே படிப்படியாகப் பிரித்துக்கொண்டு, அதற்கு வேண்டிய கருவிகளைக் கூப்பிட்டு முடித்துத் தரும் கம்ப்யூட்டர் புரோகிராம் இது. பெங்களூருவில் 2010-ல் தொடங்கப்பட்ட ஜெரோதா பங்குத் தரகு நிறுவனம், இத்தகைய ஏஜென்ட் வாடிக்கையாளரின் கணக்கைப் பார்ப்பதற்கான 'கைட் எம்.சி.பி.' என்ற இணைப்பை 2025-ல் வெளியிட்டது. இந்த ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் வீட்டுச் சேமிப்பையும் கவனித்துக்கொள்பவர்கள். அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய பங்குகளும் அந்தக் கணக்கில் இருக்கலாம். ஆகவே, இந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது, அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே பிளக், பல கருவி

ஏ.ஐ. புரோகிராமுக்குச் சொந்தமாக எந்தக் கணக்கும் தெரியாது. பயிற்சியின்போது படித்த பழைய எழுத்துகளே அதன் அறிவு. இன்றைய விலை என்ன என்று கேட்டால், இணைப்பு இல்லாத நிலையில் அது தெரியாது என்று சொல்லலாம். அல்லது பழைய நினைவிலிருந்து ஏதோ ஓர் எண்ணைத் துணிந்து சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் ஆபத்து.

இதற்கு வழியாக ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. அதன் சுருக்கமே எம்.சி.பி. விவரம் வைத்திருக்கும் நிறுவனம் தன்னிடம் உள்ள கருவிகளின் பட்டியலை இந்த விதிப்படி அறிவிக்கும். கையிருப்பைக் காட்டுவது ஒரு கருவி, விலையைக் காட்டுவது ஒரு கருவி, பழைய விலைகளைத் தருவது ஒரு கருவி. எந்த ஏஜென்ட் ஆனாலும் அந்தப் பட்டியலைப் படித்து வேண்டியதைக் கூப்பிடலாம். எந்த விசிறியும் ஒரே மாதிரி பிளக்கில் ஓடுவது போன்ற ஏற்பாடு இது.

கறுப்புத் திரையில் ஒரு வரி

1969-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் யூனிக்ஸ் பிறப்பதற்கு முன்பிருந்தே, எழுத்தில் கட்டளை அடித்துக் கம்ப்யூட்டரை இயக்கும் முறை வழக்கில் இருக்கிறது. சுட்டியும் படங்களும் வந்த பிறகு இது நிபுணர்களின் வேலை என்று ஒதுங்கியது. 2025-ல் கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி ஆகிய ஏஜென்ட்கள் இதே கறுப்புத் திரையில் வந்து உட்கார்ந்ததும் கட்டளை வரிக்கு மறுவாழ்வு வந்தது.

கிளாட் கோட் ஏஜென்டில் இணைப்புக்கு ஒரே வரி போதும். புரோகிராமின் பெயர், அடுத்து 'எம்.சி.பி.', அடுத்து 'ஆட்' என்ற சேர்க்கும் சொல், எந்த வழியில் போக வேண்டும் என்ற குறிப்பு, இணைப்புக்கு நாம் வைக்கும் பெயர், கடைசியில் நிறுவனத்தின் இணைய முகவரி. இவ்வளவுதான். பிறகு முதல் கேள்வி கேட்டதும் ஏஜென்ட் ஒரு லிங்க் தரும். அதைத் திறந்தால் தரகரின் சொந்தப் பக்கம் வரும். பாஸ்வேர்டையும் ஒருமுறை எண்ணையும் அங்கேதான் அடிக்க வேண்டும். ஏஜென்டின் திரையில் பாஸ்வேர்ட் அடிக்கவே தேவை இல்லை. எந்த இணைப்பாவது அப்படிக் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

நடுவே நடப்பது என்ன?

உள்ளே நுழைந்ததும், 'என் பங்குகளில் லாபம் எவ்வளவு?' என்று தமிழிலேயே கேட்கலாம். ஏஜென்ட் கையிருப்புக் கருவியைக் கூப்பிடும். பங்கின் பெயர், எண்ணிக்கை, வாங்கிய சராசரி விலை, கடைசி விலை ஆகியவை வரும். ரூ.250 சராசரியில் வாங்கிய 40 பங்குகள் இப்போது ரூ.310 என்றால், போட்ட பணம் ரூ.10,000, லாபம் ரூ.2,400, அதாவது 24 சதவீதம். இருபது கம்பெனிப் பங்குகளுக்கு இதைச் செய்து, துறைவாரியாகப் பிரித்து, ஒரே துறையில் பணம் குவிந்திருப்பதைச் சுட்டிக்காட்டவும் சில நிமிடங்கள் போதும்.

ஆனால் கணக்கு சரியாக வந்தாலும் விடை தப்பாகலாம். நேற்று வாங்கி இன்னும் டீமேட்டுக்கு வந்து சேராத பங்குகளைக் கைட் தனிக் கட்டத்தில் காட்டுகிறது. எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் கூட்டும் ஏஜென்ட் 40 என்று சொல்லும். நேற்று வாங்கிய 10 விட்டுப்போகும். கூட்டலில் பிழை இல்லை. எதைக் கூட்ட வேண்டும் என்பதில்தான் பிழை.

இல்லாத தேதி

வரி விஷயத்தில் இது இன்னும் பெரிதாகும். 2024 ஜூலை 23 முதல் வந்த விகிதப்படி, சந்தையில் விற்கும் கம்பெனிப் பங்குகளை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் 20 சதவீதம். ஆகவே, 'ஓராண்டு தாண்டிய பங்குகள் எவை?' என்பது எல்லோரும் கேட்கக்கூடிய கேள்வி.

கையிருப்புக் கருவி தரும் விவரத்தில் வாங்கிய தேதி கிடையாது. சராசரி விலை மட்டுமே உண்டு. நல்ல ஏஜென்ட் 'தேதி இல்லை' என்று சொல்லும். எல்லா நேரமும் அப்படிச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே, 'இந்த விடை எந்தக் கருவியிலிருந்து, எந்தக் கட்டத்திலிருந்து வந்தது?' என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வேண்டும். தேதிக்குத் தரகர் தரும் வரி அறிக்கையைப் பார்ப்பதே சரி.

படிக்கும் சாவி, விற்கும் சாவி

கணக்கைப் படிப்பது ஒன்று. பங்கை விற்பது வேறு. கைட் எம்.சி.பி.யின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதை ஒருவர் சொந்தக் கம்ப்யூட்டரில் தன் சாவியைப் போட்டு ஓட்டினால், ஆர்டர் போடும் கருவிகளும் ஏஜென்டின் கைக்கு வரும். வேண்டாத கருவிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவைக்கவும் அதில் வழி உண்டு. அந்த வழியை முதல் நாளே பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

காரணம், ஏஜென்டை வெளியாள் ஏமாற்ற முடியும். செய்திப் பக்கம் ஒன்றைப் படிக்கச் சொன்னால், அதில் மறைத்து எழுதியிருக்கும் கட்டளையை எஜமானரின் கட்டளை என்றே அது எடுத்துக்கொள்ளக் கூடும். சைமன் வில்லிசன் என்ற நிரல் வல்லுநர் 2025 ஜூனில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேரக் கூடாது என்று எச்சரித்தார்: அந்தரங்க விவரம், நம்பத்தகாத வெளி எழுத்து, வெளியே செய்தி அனுப்பும் வசதி. பங்குக் கணக்கு முதல் வகை. அது திறந்திருக்கும் வேளையில் மற்ற இரண்டையும் மூடி வைப்பதே பாதுகாப்பு.

ஒவ்வொரு கருவியையும் தொடுமுன் ஏஜென்ட் அனுமதி கேட்கும். நாலு தடவை கேட்டதும் சலித்துப்போய் 'இனிக் கேட்க வேண்டாம்' என்று தட்டிவிடுகிறவர்கள் உண்டு. விலை பார்க்கும் கருவிக்கு அப்படிச் சொல்லலாம். ஆர்டருக்கு ஒருபோதும் சொல்லக் கூடாது.

சாவி கிடக்கும் இடம்

சொந்தமாக ஓட்டுபவர்கள் ரகசியச் சாவியைக் கட்டளை வரியிலேயே அடித்தால், அடித்த கட்டளைகளின் வரலாற்றுக் கோப்பில் அது அப்படியே தங்கிவிடும். தனிக் கோப்பில் வைத்து, உரியவர் மட்டும் படிக்கும்படி 600 என்ற அனுமதி எண்ணைக் கொடுக்க வேண்டும். அலுவலக நண்பர்களோடு பகிரும் கோப்புறையில் வைக்கவே கூடாது. கைட் கணக்கில் நுழைவதற்கான நாள் டோக்கன் மறுநாள் காலை 6 மணிக்குக் காலாவதியாகும். தினமும் நுழைவது தொல்லைதான். திருட்டுப்போன டோக்கன் ஒரு நாளுக்கு மேல் செல்லாது என்பது அந்தத் தொல்லைக்குக் கிடைக்கும் பலன்.

செபியும் சும்மா இருக்கவில்லை. 2025 பிப்ரவரி 4 தேதியிட்ட சுற்றறிக்கையில், புரோகிராம் வழியே ஆர்டர் போடுவோருக்கு நிலையான இணைய முகவரி, இரட்டை அடையாளச் சோதனை ஆகியவற்றை விதித்தது. யார் போட்ட ஆர்டர் என்று பின்னால் தேடிக் கண்டுபிடிப்பதே நோக்கம். கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்பவர்கள் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி செபியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏஜென்ட் அப்படிப் பதிவு பெற்ற ஆலோசகர் அல்ல. அதன் பேச்சைக் கேட்டு விற்றால், நஷ்டம் விற்றவருடையதே.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஏஜென்ட் படிக்கும் கையிருப்பு விவரம் ஏ.ஐ. நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் விடையாகத் திரும்புகிறது. வீட்டில் மற்றவர்களின் பணமும் அந்தக் கணக்கில் இருந்தால், இணைப்புக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் படிக்க மட்டும் விட்டு, அது சொல்லும் எண்களைத் தரகரின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்குப்பிள்ளை எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், கையெழுத்துப் போடுகிறவர் வீட்டுக்காரராகவே இருக்க வேண்டும்.